பழைய சோலார் பேனலை எடைக்குப் போடுவதற்கு முன்னால்

மதுரையில் பழைய சோலார் பேனலை என்ன செய்வது என்று யாரிடம் கேட்டாலும் வருகிற முதல் பதில், "பழைய இரும்புக் கடையில் போடுங்க, அலுமினியத்துக்குக் காசு தருவாங்க" என்பதுதான். தருவார்கள், பொய்யில்லை. 250 வாட் பேனல் ஒன்றின் எடை பத்தொன்பது கிலோ பக்கம் வரும், அதில் சுற்றியிருக்கும் சட்டம் இரண்டு மூன்று கிலோ, கடைக்காரருக்கு அது போதும். மீதியில் பதின்மூன்று கிலோ போலக் கண்ணாடி, அதோடு ஒட்டிப்போன பிளாஸ்டிக், நடுவில் மெல்லிசாகச் சிலிக்கான். இதை அவர் பிரிக்க முடியாது, பிரித்தாலும் வாங்க ஆள் இல்லை. கொஞ்ச நாள் கடைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும், அப்புறம் ஒரு ராத்திரி ஏதாவது கண்மாய்க் கரைக்குப் போய்விடும்.

அதனால் மற்றது எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: சட்டத்தைக் கழற்றாதீர்கள். சட்டத்தோடு முழுசாக இருக்கும் பேனலை விற்கலாம், கொடுக்கலாம், மறுசுழற்சிக்கு அனுப்பலாம். மறுசுழற்சி ஆலைக்காரருக்கும் லாரி வாடகை போகக் கையில் ஏதாவது நிற்பது பெரும்பாலும் அந்த அலுமினியத்தால்தான். அதை உருவிக்கொண்டு வெறும் கண்ணாடியைக் கொடுத்தால் யாரும் தொட மாட்டார்கள்.

நம் பக்கம் இப்போது கழியும் பேனல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் கிராமங்களுக்கு வந்த சின்னப் பேனல்கள் ஒரு பக்கம், 2012, 13 மின்வெட்டுக் காலத்தில் வெறுத்துப்போய் ஆளாளுக்கு இன்வெர்ட்டரோடு மாடியில் மாட்டியவை இன்னொரு பக்கம். தோட்டங்களில் சோலார் மோட்டாருக்குப் போட்டவை இனிமேல்தான் வரிசையாக வரும். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் மின்நிலையம் போன்றவற்றின் கதை வேறு, அதைப் பார்த்துக்கொள்ள அவர்களிடம் ஆளும் பணமும் இருக்கிறது. இது வீட்டுக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் எழுதுவது.

உண்மையிலேயே செத்துவிட்டதா?

பேனலின் ஆயுள் சாதாரணமாக 25 வருடம், அதற்கு மேலும் ஓடும். பத்து வருடத்தில் "பேனல் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். போயிருப்பது பெரும்பாலும் பேட்டரியாக இருக்கும், இல்லாவிட்டால் இன்வெர்ட்டர், இல்லாவிட்டால் அணில் கடித்த ஒயர். புதுசு விற்க வந்தவருக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் இருக்காது.

நீங்களே பார்க்கலாம். காலையில் பேனல் சூடேறுவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். மேலூர் பக்கம் கிரானைட் தூசி அப்பிய பேனல்களை நன்றாகக் கழுவினாலே பாதி உயிர் வந்துவிடும். அப்புறம் பின்பக்க ஸ்டிக்கரைப் போன் கேமராவில் படமெடுத்து வையுங்கள். வெயிலில் எழுத்து அழிந்திருந்தால் கண்ணாடிப் பக்கம் ஓரமாகப் பாருங்கள், சீரியல் நம்பரும் பார்கோடும் பெரும்பாலான பேனல்களில் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கும். அது அழியாது. பின்னால் கம்பெனியிடம் பேசும்போது அந்த நம்பர்தான் பேசும்.

ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் முக்கியம். வி-ஓசி (Voc) என்பது எதிலும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ், ஐ-எஸ்சி (Isc) என்பது இரண்டு முனையையும் சேர்த்தால் ஓடும் ஆம்பியர். நல்ல வெயிலில், உச்சி நேரத்தில், பேனலை மற்றவற்றிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டு (எந்த வரிசையில் பிரிப்பது என்பது கீழே இருக்கிறது, அதைப் படிக்காமல் கை வைக்க வேண்டாம்) மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் (பேனலும் பேட்டரியும் தருகிற நேர் மின்சாரம்தான் டிசி) வைத்து அளந்து பாருங்கள். ஸ்டிக்கரில் 37.5 என்று போட்டிருக்க மீட்டர் 33 அல்லது 34 காட்டினால் பயப்பட வேண்டாம். அந்த 37.5 என்பது 25 டிகிரியில் எடுத்த கணக்கு. நம்மூர் சித்திரை வெயிலில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போய்விடும், ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் 0.3 சதவீதம் போல இறங்கும். அந்த 34 ஆரோக்கியமான 34.

ஆனால் மீட்டர் 22, 23 என்று காட்டினால், அதாவது மூன்றில் ஒரு பங்கு மொத்தமாகக் காணவில்லை என்றால், பேனலைத் தூக்கிப் போடுவதற்கு முன் பின்பக்கம் உள்ள கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். 60 செல், 72 செல் பேனல்களில் (கண்ணாடிக்குள் தெரியும் சிலிக்கான் கட்டங்கள்தான் செல்) அதற்குள் சாதாரணமாக மூன்று டயோடு இருக்கும், ஒவ்வொன்றும் பேனலில் மூன்றில் ஒரு பகுதிக்குக் காவல். பக்கத்தில் இடி விழுந்தாலோ, ரொம்ப நாள் நிழல் விழுந்து சூடேறினாலோ டயோடு ஷார்ட் ஆகிவிடும், அந்தப் பகுதியின் வோல்டேஜும் அதோடு போய்விடும். மூடி திறக்கிற பெட்டியாக இருந்தால் ஒரு நல்ல டிவி மெக்கானிக் டயோடை மாற்றிக் கொடுத்துவிடுவார். டயோடு விலை டீக்காசு. பிசின் ஊற்றி அடைத்த பெட்டியாக இருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆம்பியர் அளப்பதில் கவனம் வேண்டும். பேனலைக் கனமான போர்வையால் மூடிவிட்டு இரண்டு முனையையும் சேர்த்து, ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரைப் போட்டுவிட்டு, பிறகு போர்வையை எடுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி மூடிய பிறகுதான் பிரிக்க வேண்டும். வெயிலில் அப்படியே இழுத்துப் பிரித்தால் பொறி பறக்கும். சாதாரண மல்டிமீட்டர் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும், இப்போதைய 540 வாட் பேனல்கள் 13, 14 ஆம்பியர் தருகின்றன, மீட்டர் போய்விடும். ஸ்டிக்கரில் 8.7 என்று இருந்து நல்ல வெயிலில் ஏழு, ஏழரை வந்தால் அந்தப் பேனல் இன்னும் பல வருடம் உழைக்கும்.

எண்கள் நன்றாக இருந்தாலும் சில பேனல்களை வைத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி உடைந்தது, பின்பக்க வெள்ளை ஷீட் வெடித்தது, விரலால் தடவினால் சுண்ணாம்பு போல மாவு ஒட்டுவது, எங்காவது கருகிய புள்ளியோ கொப்புளமோ இருப்பது. இவற்றில் ஈரம் உள்ளே போய் மின்சாரம் சட்டத்துக்கு வந்துவிடும். மார்கழிப் பனியில் காலையில் ஏணியில் ஏறிச் சட்டத்தைத் தொடுகிறவருக்குத்தான் அது தெரியவரும். அழகர்கோவில் பக்கம் குரங்கு கல்லைப் போட்டு உடைத்ததாக இருந்தாலும் சரி, பந்து பட்டதாக இருந்தாலும் சரி, கண்ணாடி போனால் பேனலும் போனதுதான். டேப் ஒட்டி ஓட்ட முடியாது.

கழற்றுவது

பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை மின்சாரம் வரும். 3 கிலோவாட் வீட்டில் பத்துப் பேனலைத் தொடராக இணைத்திருந்தால் அந்த ஒயரில் 350 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். வீட்டு லைனில் வரும் ஏசி மின்சாரத்தில் பொறி வந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு, டிசியில் நீங்கள் இழுக்க இழுக்க நெருப்பு நீண்டுகொண்டே வரும். அதனால் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், அப்புறம் ஏசி பக்கத்து பிரேக்கர், அதற்கப்புறம் டிசி ஐசொலேட்டர், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் ஒயரைத் துண்டிக்கும் சுவிட்ச். எல்லாம் அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, பேனல்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, அதன் பிறகுதான் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். விடியற்காலையில் வேலையைத் தொடங்கினால் பாதி ஆபத்து குறைந்துவிடும், முதுகும் வேகாது.

கனெக்டர் பிரியவில்லை என்று கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் அந்த இடத்திலேயே ஷார்ட். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக, வெட்டியதும் முனையில் இன்சுலேஷன் டேப். ஒயரைப் பெட்டியோடு ஒட்ட வெட்டவும் கூடாது, ஒரு முழம் விடுங்கள். ஒயர் இல்லாத பேனலை செகண்ட்ஹேண்டில் கேட்பார் இல்லை.

ஆடி மாதக் காற்றில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். இப்போது வரும் பேனல் ஆள் உயரத்துக்கு மேல் நீளம், 28 கிலோ பக்கம் எடை, காற்று அதைப் பிடித்தால் ஆளையும் சேர்த்துத் தள்ளிவிடும். எப்போதும் இரண்டு பேர், ரப்பர் கையுறை, செருப்பு இல்லாமல் ஷூ. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் மாட்டியிருந்தால் உங்கள் கையால் செய்யாமல் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

நெட் மீட்டர் (மிச்ச மின்சாரத்தை ஈபிக்குக் கொடுத்துக் கழித்துக்கொள்ளும் மீட்டர்) இருக்கும் வீடு என்றால் மொத்தமாகக் கழற்றுவதற்கு முன்னால், அல்லது கிலோவாட் மாறும்படி பேனலை மாற்றுவதற்கு முன்னால், ஈபி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறை மூலம் மானியத்தில் வாங்கிய சோலார் பம்ப் செட் என்றால், அங்கே கேட்காமல் ஒரு பேனலைக்கூட விற்காதீர்கள். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் போட்டது என்றால் மாட்டிக் கொடுத்தவருக்கே ஐந்து வருடப் பராமரிப்புப் பொறுப்பு இருக்கிறது, அவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வதுதான் முதல் வேலை.

எது எங்கே போகும்

இறக்கிய எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு "மொத்தமா என்ன தருவீங்க" என்று கேட்டால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். பிரித்து வையுங்கள்.

கம்பி ஸ்டாண்டு, ஆங்கிள், போல்ட் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கே போகலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. செம்பு ஒயரைத் தோலோடு கொடுங்கள். எரித்துவிட்டுக் கொடுத்தால் கிலோவுக்குக் கூடக் கிடைக்கும் என்பார்கள், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நீங்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும்தான்.

ஈய ஆசிட் பேட்டரிக்குச் சந்தை எப்போதும் இருக்கிறது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இலேயே வந்துவிட்டன, புதுசு வாங்கும் கடையே பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்ளும். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: "ஆசிட்டைக் கொட்டிட்டு வெறும் பேட்டரியைக் கொண்டாங்க" என்று சொல்கிற கடைக்குப் போகாதீர்கள். அந்த ஆசிட்டில் ஈயம் கரைந்திருக்கிறது, சாக்கடையில் ஊற்றினாலும் தோட்டத்தில் ஊற்றினாலும் கடைசியில் போர் தண்ணீருக்குத்தான் போகும். லித்தியம் பேட்டரியைத் திறக்கவோ குத்தவோ கூடாது, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள்.

இன்வெர்ட்டர், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவாக்கும் சார்ஜ் கண்ட்ரோலர் எல்லாம் மின்னணுக் கழிவு. பேனலை எடுக்கும் ஆலை பெரும்பாலும் இதையும் எடுத்துக்கொள்ளும், சேர்த்து வைத்திருங்கள்.

தண்ணீர் காய வைக்கிற சோலார் ஹீட்டரையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு சாமான். செம்புத் தகடு உள்ள பழைய மாடல் என்றால் நல்ல விலை போகும், எடைக்கே போடலாம். கண்ணாடிக் குழாய் மாடலில் குழாய்கள் பாட்டில் கண்ணாடியோடு சேராது, தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

பேனல் யாரிடம் போக வேண்டும்

முதலில் வாரண்டி. பொருளுக்குப் பத்து, பன்னிரண்டு வருடம், மின் உற்பத்திக்கு 25 வருடம் என்று இரண்டு தனி வாரண்டி இருக்கும். ஸ்டிக்கர் படம், பில், மீட்டர் அளவின் படம் மூன்றையும் கம்பெனி மெயிலுக்கு அனுப்புங்கள், மாட்டிக் கொடுத்தவரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கம்பெனியையே மூடியிருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

ஓடுகிற பேனலுக்கு செகண்ட்ஹேண்டுதான் சரியான வழி. மாட்டுத் தொழுவத்தில் விளக்கு, கோழிப் பண்ணையில் ஃபேன், தோட்டத்து ஷெட், பன்றி வராமல் போடுகிற வேலி என்று உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு மாட்டிக் கொடுத்தவரிடம் சொல்லி வைத்தாலே ஆள் வந்துவிடும். வாங்குகிறவரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: 60 செல் பேனலை நேராக 12 வோல்ட் பேட்டரிக்கு சாதாரண கண்ட்ரோலரில் கொடுத்தால் பாதிக்கு மேல் மின்சாரம் வீண், கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும் எம்பிபிடி (MPPT) கண்ட்ரோலர் வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றால் ஒரு மாதத்தில் "பேனல் சரியில்லை" என்று திரும்பி வந்து நிற்பார். பழைய பேனலைப் புதுசோடு தொடரில் சேர்க்கவும் வேண்டாம், பலவீனமான பேனலின் ஆம்பியருக்கே மற்றவையும் இறங்கிவிடும்.

ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முழுசாக இருந்தால் போடலாம், ஒயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி ஆடு கடிக்காத உயரத்தில் கட்டுங்கள், ஏனென்றால் கூரையானாலும் வெயிலில் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். என்னைக் கேட்டால், இது வேலையைத் தள்ளிப்போடுவது மட்டும்தான்.

சரி, நிஜமாகவே செத்த பேனல். 2022-இல் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில் சோலார் பேனலும் இருக்கிறது. டிவி, ஃப்ரிட்ஜ் தயாரிப்பவர்களுக்கு வருடத்துக்கு இவ்வளவு மறுசுழற்சி செய்தாக வேண்டும் என்று இலக்கு உண்டு, பேனலுக்கு அது இல்லை. தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், 2034-35 வரை உருவாகும் பேனல் கழிவைச் சேமித்து வைக்க வேண்டும், முக்கியமாக இவ்வளவுதான். உங்கள் வாசலுக்கு லாரி அனுப்பு என்று யாரையும் விரட்டவில்லை. ஆனால் விதி இருக்கிறது என்று தெரிந்து பேசுவதற்கும் தெரியாமல் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. கம்பெனிக்கு எழுதும்போது "மின்னணுக் கழிவு விதிகள் 2022-இன்படி இந்தப் பேனல்களை எங்கே ஒப்படைப்பது" என்று கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். கல்லூரி, மில், மருத்துவமனை மாதிரி, விதியின் பட்டியலில் உள்ள சாதனங்களை ஆயிரமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் இடம் என்றால் அது 'மொத்த நுகர்வோர்' கணக்கில் வரும், பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை. மின்னணுக் கழிவு ஆலைகள் தமிழ்நாட்டில் நிறையச் சென்னைப் பக்கம்தான். பட்டியல் மத்திய வாரியத்தின் தளத்தில் இருக்கிறது, மதுரையில் உள்ள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். போனில் பேசும்போது "இ-வேஸ்ட் எடுப்பீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். சோலார் பேனலுக்கு விதியில் சி.இ.இ.டபிள்யூ.14 (CEEW14) என்று தனி எண் இருக்கிறது, "உங்கள் பதிவில் அந்த எண் உண்டா" என்று கேளுங்கள். கண்ணாடியை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். சட்டத்தையும் பெட்டியையும் எடுத்த பிறகு கண்ணாடியையும் செல்லையும் ஒட்டியிருக்கும் இ.வி.ஏ. பிளாஸ்டிக்கை இயந்திரத்தாலோ சூட்டாலோ பிரிக்க வேண்டும், அங்கேதான் உண்மையான வேலை. அதற்குப் பதில் தெரியாதவர் இடைத்தரகராக இருக்க வாய்ப்பு அதிகம்.

நாலு பேனலுக்காகச் சென்னையிலிருந்து வண்டி வராது. அக்கம்பக்கத்து வீடுகள், தெருக்காரர்கள், உங்கள் ஏரியாவில் சோலார் மாட்டுகிறவர் எல்லோரிடமும் சொல்லி ஒரு லோடு சேரும் வரை வைத்திருப்பதுதான் நடைமுறை. கப்பலூர் சிட்கோ, கே.புதூர் சிட்கோ மாதிரித் தொழிற்பேட்டைகளில் தெரிந்த கம்பெனி இருந்தால், அவர்கள் தங்கள் மின்னணுக் கழிவை அனுப்பும்போது நம்முடையதையும் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அதுவரை நிழலில், மரக்கட்டை மேல், சாய்க்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள், நடுவில் அட்டை வைத்து. மாநகராட்சிக் குப்பை வண்டியில் மட்டும் ஏற்றாதீர்கள், அது நேரே வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் போய் மண்ணோடு மண்ணாகிவிடும், செல்களை இணைக்கும் சாலிடரில் ஈயம் இருக்கிறது.

உடைந்த பேனலைத் தனியாக வையுங்கள். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி நொறுங்கியிருந்தாலும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மின்சாரமும் வரும். மேலே அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, தார்ப்பாயில் சுற்றி, மழை படாமல் வையுங்கள்.

வெள்ளி ஆசையில் ஒரு வேலை சிலர் செய்கிறார்கள். பேனலில் வெள்ளி இருப்பது நிஜம், பழைய பேனலில் சில கிராம் இருக்கும். அதை எடுக்க முதலில் பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டும், பின்பக்க ஷீட்டில் ஃப்ளூரின் இருந்தால் வருகிற புகை நுரையீரலை அரித்துவிடும். அப்புறம் நைட்ரிக் ஆசிட். இவ்வளவும் செய்து தெற்காவணி மூல வீதி நகைக் கடைகளுக்கு எடுத்துக்கொண்டு போனால் கிடைக்கிற காசு ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக்கூடக் காணாது.

புதுப் பேனல் மாட்டப்போகிறீர்கள் என்றால், உங்கள் பேச்சு எடுபடுவது முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் வரைதான். "பழைய பேனல் இத்தனை, சட்டத்தோடு எடுத்துப்போய் பதிவு பெற்ற ஆலையில் ஒப்படைத்து ரசீது தர வேண்டும்" என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இன்னொருவரையும் கேட்டுவிடுங்கள். வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொரு சீரியல் நம்பரும் ரசீதில் ஏறியிருக்கிறதா என்று நின்று சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.